பின்னிக் கிடந்த நரம்பு

உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கால் பிசகுவது புதிதில்லை. தலையில் ஈர உப்பு நிறைந்த கூடை, காலடியில் வழுக்கும் வரப்பு. குனிந்து பார்த்து நடக்க முடியாது. ஒரு கணம் கால் மடங்கினால் கணுக்கால் பன் மாதிரி உப்பிவிடும். மரக்காணத்தில் அப்படி உப்பினவர்கள் நொண்டிக்கொண்டு போய் நிற்கிற வாசல் கொளஞ்சியம்மாளுடையது.

அவள் வைத்தியர் வம்சமெல்லாம் இல்லை. அவளும் உப்பு வாருகிறவள்தான். ஒரே பிரசவத்தில் இரண்டு பிள்ளை பெற்றாள், அதுதான் அவளுடைய தகுதி. இரட்டைப் பிள்ளை பெற்றவள் நீவிவிட்டால் சுளுக்கு இறங்கிவிடும் என்று அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. பிள்ளைகளுக்குப் பல் முளைப்பதற்குள் வாசலில் ஆள் வந்து நின்றுவிட்டது.

“பெத்தது வவுறு. நீவப்போறது கையி. ரெண்டுத்துக்கும் என்னாடி சம்பந்தம்?” என்று முதலில் அவளே கேட்டுச் சிரித்தாள். வந்தவள் விடவில்லை. சரியென்று நீவினாள், சரியானது. அடுத்தவளுக்கும் சரியானது. பாதிச் சுளுக்கு சும்மா விட்டாலே ஒரு வாரத்தில் இறங்கிவிடும் என்பதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. தானாக ஆறினதும் அவள் கைராசி என்றே பேர் வாங்கியது.

ஆனாலும் வருஷக்கணக்கில் நீவினால் கைக்கும் ஒரு புத்தி வந்துவிடுகிறது. எங்கே வீக்கம், எங்கே பிடிப்பு என்று அவள் கட்டைவிரல் தேடிக் கண்டுபிடித்துவிடும். ஆரோவில்லில் வேலை பார்க்கிற கமலாம்பாள் ஒரு தடவை வண்டியிலிருந்து விழுந்த வெள்ளைக்காரரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவள் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் அவர் கத்தின கத்தலுக்குத் தெருவே கூடியது. “கத்தாத சாமி, உசுரா போயிடும்” என்று அவரையும் தமிழிலேயே அதட்டி உட்கார வைத்தாள். அவர் நன்றிக்கு ஒரு ரொட்டி கொண்டுவந்து கொடுத்தார். கல் மாதிரி இருக்கிறது என்று அதை ஆட்டுக்குப் போட்டாள்.

கொளஞ்சியம்மாளைப் பொறுத்தவரை மனுஷ உடம்பில் எலும்பு, சதை போக மிச்சம் எல்லாமே நரம்புதான். புறங்கையில் பச்சையாக ஓடுவது நரம்பு. குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி முறுக்கி நிற்பது நரம்பு. ஊசி போடத் தேடுவதும் நரம்பு, சுரீரென்று இழுப்பதும் நரம்பு. அது விலகும், ஏறும், சுருட்டிக்கொள்ளும், ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பின்னினதை எடுத்துவிடுவது அவள் வேலை. இதில் அவளைக் கேலி செய்ய ஒன்றுமில்லை. அந்த ஊரே அப்படித்தான் பேசுகிறது, நாமும் அப்படித்தான் பேசுகிறோம்.

இரட்டையில் பெண் சந்தியாவைப் பெருமுக்கல்லில் கட்டிக்கொடுத்தாயிற்று. பையன் வேல்முருகன் உப்பு லாரி ஓட்டுகிறான். அவனுக்குத் தன் தம்பி மகளைக் கட்டி வைக்கவேண்டும் என்று கொளஞ்சியம்மாள் மனசுக்குள் பந்தல் போட்டு வைத்திருந்தாள். அவனோ ஒருநாள் மாலையும் கழுத்துமாகக் கடற்கரைக் குப்பத்துப் பெண் ஒருத்தியோடு வந்து நின்றான். அவள்தான் பிரியங்கா. பெண்ணைத் தலைமுழுகிவிட்டதாக அவள் அப்பன் குப்பத்தில் சொல்லிவிட்டான். போக்கிடம் இல்லாத பெண்ணை வெளியே நிறுத்த கொளஞ்சியம்மாளுக்கு மனசு வரவில்லை. கதவைத் திறந்துவிட்டாள். வாயைத்தான் திறக்கவில்லை.

கொடுமைக்காரி இல்லை, பிடிவாதக்காரி. வயிறு வாடவிட மாட்டாள். “சோறு இருக்குது.” “தண்ணி வருது, புடி.” அவ்வளவுதான் மருமகளோடு பேச்சு. கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் இதே பாட்டுதான். பிரியங்காவும் “சரிங்க அத்த” என்பதற்கு மேல் பேசிப் பழகவில்லை. காலையில் ஆரோவில்லில் சோப்புச் செய்கிற இடத்துக்கு வேலைக்குப் போவாள், நாள் பூராவும் நின்றுகொண்டே இருப்பாள், சாயங்காலம் வந்து பாத்திரம் துலக்குவாள்.

ஒருநாள் அந்தப் பெண் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்தாள். நடையைப் பார்த்தாலே கொளஞ்சியம்மாளுக்குக் கை பரபரக்கும். பிடிவாதம் எல்லாம் அந்த நேரத்தில் எங்கே போயிற்றோ.

“என்னா காலை இழுத்துக்கிட்டு நடக்குற?”

“ஒண்ணுமில்லீங்க அத்த. நின்னு நின்னு மரத்துப்போச்சு போல.”

“உக்காரு. காட்டு.”

காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கெண்டைக்கால் சதைக்குள்ளே, ஆழத்தில், எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. சுளுக்கு வீக்கம் இப்படி உருண்டையாக இருக்காது. கட்டைவிரலை அழுத்தி வைத்தபோது இன்னொன்றும் தெரிந்தது. கட்டி துடித்தது. மணிக்கட்டில் நாடி அடிக்கிற மாதிரி உள்ளிருந்து விரலை முட்டியது. இத்தனை வருஷத்தில் அப்படி ஒன்று அவள் கையில் பட்டதில்லை. தெரியாது என்று சொல்லிப் பழகாத கை அது. அதனால் துடிப்பைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை.

கட்டி இருக்கிறது என்று கேட்டதும் வேல்முருகன் மனைவியைத் திண்டிவனத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்தான். படம் பார்த்த டாக்டர், இவர்களுக்குப் புரியவேண்டுமே என்று நல்லெண்ணத்தில்தான் எளிமையாகச் சொன்னார். “உள்ள ரத்த நரம்பு ஏகப்பட்டது ஓடுது. ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்குது. இது சாதாரணக் கட்டி மாதிரி தெரியலப்பா. தள்ளிப்போடாம பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்குப் போயிடுங்க.”

வேல்முருகன் வீட்டுக்கு வந்து அதை அப்படியே ஒப்பித்தான். கொளஞ்சியம்மாள் காதில் மற்றதெல்லாம் விழவே இல்லை. நரம்பு பின்னிக் கிடக்கிறது என்பது மட்டும்தான் விழுந்தது.

“பின்னிக்கிச்சுன்னா எடுத்து வுட்டுட்டாப் போவுது. இதுக்கு எதுக்குடா பாண்டிக்குப் போவணும்? ஊருக்கெல்லாம் எடுத்து வுடுறேன், என் வூட்டுப் பொண்ணுக்கு எடுத்து வுட மாட்டனா?”

“அவரு உடனே போவச் சொன்னாரும்மா.”

“போலாம். கொஞ்ச நாளு பாரு. கேக்கலன்னா போ.”

அவனுக்கு அப்போது கர்நாடகம் வரை லோடு இருந்தது. அம்மாவின் கையை அவனும் சின்ன வயசிலிருந்து பார்த்தவன். சரியென்று வண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டான். நரம்பு என்கிற ஒரு வார்த்தைதான். அதை எல்லாருமே அவரவர் வழியில் நன்றாகப் புரிந்துகொண்டார்கள் என்பதுதான் இதில் பெரிய துக்கம்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் மருமகளின் கால் மாமியாரின் மடியில். நல்லெண்ணெயைச் சூடு பண்ணி, முழங்காலிலிருந்து கீழே இறக்கி இறக்கி உருவுவாள். அப்புறம் கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம். உப்புக்கா பஞ்சம் அந்த வீட்டில்.

உருவும்போது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பது அவள் வழக்கம். வலி தெரியாமல் இருக்கத்தான். வந்தவர்கள் எல்லாரிடமும் பேசுவாள், இவளிடமும் அப்படித்தான் வாய் தானாகத் திறந்துகொண்டது. வேலுவும் சந்தியாவும் தொட்டிலில் ஒன்றாகக் கிடந்து ஒருத்தர் விரலை ஒருத்தர் சப்பின கதையைச் சொன்னாள். செத்துப்போன புருஷன் தேசப்பன் பெண் பார்க்க வந்த அன்று வரப்பில் வழுக்கி உப்புத் தண்ணீரில் விழுந்த கதையைச் சொன்னாள். பிரியங்கா சிரித்தாள். அந்தப் பெண்ணுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே கொளஞ்சியம்மாளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

“வலிக்குதா கண்ணு?”

“இல்லீங்க அத்த. நல்லாருக்குது.”

கண்ணு என்று சொன்னதைச் சொன்னவள் கவனிக்கவில்லை. கேட்டவள் கவனித்தாள்.

கால் வீங்கிக்கொண்டே போனது. “உள்ள இருக்கிறது வெளிய வருது, அப்படித்தான் இருக்கும்” என்றாள் கொளஞ்சியம்மாள். பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னாள். பிறகு தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு கத்திரிக்காய் நிறத்துக்கு வந்தது. ஒருநாள் காலையில் பிரியங்காவால் காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. அன்றைக்கு லோடு முடிந்து வந்த வேல்முருகன் காலைப் பார்த்தான், அம்மா முகத்தைப் பார்த்தான். நேரே போய் ஆட்டோவைக் கூட்டிக்கொண்டு வந்தான். கொளஞ்சியம்மாளும் ஏறிக்கொண்டாள்.

பாண்டிச்சேரியில் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்தார்கள், பெரிய குழாய்க்குள் படுக்கவைத்துப் படம் எடுத்தார்கள். புற்றுநோய்தான் என்று ஆனது. நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று நெஞ்சை எடுத்த படத்தில் இப்போதைக்கு ஒன்றும் இல்லை. காலைப் பற்றிப் பேச டாக்டரம்மா மூன்று பேரையும் உள்ளே கூப்பிட்டார். திண்டிவனத்துப் படத்தையும் இங்கே எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்.

“முதல் படத்துல எவ்ளோ சின்னதா இருந்திருக்கு பாருங்க. அதுக்குள்ள இவ்ளோ பெருசாயிருக்கு, உள்ள ரத்தமும் கோத்திருக்கு. தானா உடைஞ்சு ரத்தம் கசியுற அளவுக்கு வேகமா வளருதுன்னா காலை வச்சுக்கிட்டு ஆபரேஷன் பண்றது ஆபத்து. முழங்காலுக்கு மேல எடுத்துடலாமான்னு யோசிக்கிறோம்.”

வேல்முருகன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். பிரியங்கா தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணு கேக்கணும். கீழ விழுந்தீங்களா? அடி ஏதும் பட்டுதா? யாராவது உருவி விட்டாங்களா?”

“இல்லீங்க மேடம்” என்றாள் பிரியங்கா, யோசிக்காமல்.

அந்தப் பெண் தனக்காகச் சொன்ன பொய் அது என்று கொளஞ்சியம்மாளுக்கு உடனே புரிந்தது. வாயைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால் அதோடு போயிருக்கும். ஊரில் அவள் பேர் அப்படியே இருந்திருக்கும், மகனும் ஒருவேளை காலப்போக்கில் மறந்திருப்பான். ஆனால் முழங்காலுக்கு மேலே என்ற வார்த்தை அவளை விடவில்லை.

“நான்தாங்க உருவினேன்” என்றாள்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “எப்பலேர்ந்து?”

“அந்தப் படம் எடுத்துட்டு வந்த அன்னையிலேர்ந்துங்க. தினம் சாயங்காலம். ஒத்தடமும் குடுத்தேன்.”

“எவ்ளோ அழுத்தி?”

கொளஞ்சியம்மாள் தன் முழங்கையில் கட்டைவிரலைப் பதித்து மணிக்கட்டு வரை இழுத்துக் காட்டினாள். விரல் போன வழியெல்லாம் வெளுத்துச் சிவந்தது.

“கட்டி துடிச்சிருக்குமே. கையில தெரியலையா?”

“தெரிஞ்சுதுங்க.”

“தெரிஞ்சும் அமுக்கினீங்களா?” டாக்டரம்மாவின் குரலில் கோபம் இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

“நரம்பு பின்னிக்கிச்சுன்னு சொன்னாங்க. எடுத்து வுட்டா சரியாப் போவும்னு நெனச்சிட்டேங்க.”

டாக்டரம்மா கம்ப்யூட்டரைத் திருப்பி, காலில் ரத்தம் ஓடுவதைக் காட்டுகிற படத்தை எடுத்தார். மேலே தொடையிலிருந்து வருகிற குழாய் நேராக, ஒழுங்காக, கிளை பிரிந்து வந்தது. கட்டி இருந்த இடத்தில் மட்டும் சீப்பில் சிக்கின முடி மாதிரி ஒரே சுருள்.

“இது நரம்பு இல்லம்மா, ரத்தக்குழாய். நல்ல குழாய் எங்க போவணும்னு தெரிஞ்சு போகும், சுவரும் கெட்டியா இருக்கும். இந்தக் கட்டிக்குப் பசி ஜாஸ்தி. ரத்தம் வேணும்னு அதுவே பக்கத்துல இருக்கிற குழாயைத் தூண்டிவிட்டுப் புதுசு புதுசா முளைக்க வச்சிக்கிது. அவசரத்துல முளைச்சது எதுவும் உருப்படியா இருக்காது. ஒண்ணு பெருத்திருக்கும், ஒண்ணு பாதியில முட்டிக்கிட்டு நிக்கும், ஒண்ணு சுத்திட்டுத் திரும்ப வந்து சேரும். சுவர் அங்கங்க ஓட்டை. எப்பவும் கசியும். இது பின்னிக்கிட்டது இல்ல. வளர்ந்ததே இப்படித்தான். எடுத்து விட உள்ள ஒண்ணுமே இல்ல.”

கொளஞ்சியம்மாள் படத்தையே பார்த்தாள். உப்பளத்தில் புது வரப்புப் போட்டால் நாள்கணக்கில் மிதித்து இறுக்கவேண்டும். மிதிக்காத வரப்பு கசியும். கசிகிற வரப்பில் கையை வைத்து அமுக்கினால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“நான்தான் பரப்பி வுட்டுட்டனாங்க?”

“நோய் உங்களால வரலை. ஆனா இந்த ரத்தம் உங்களாலதான் கோத்திருக்கணும்.” டாக்டரம்மா மறுபடியும் இரண்டு படங்களையும் பார்த்தார். “நீங்க சொன்னது நல்லதாப் போச்சு. பெருசானதுல எது கட்டி, எது ரத்தம்னு பிரிச்சுப் பார்க்கணும். கட்டி நாங்க நெனச்ச வேகத்துல வளரலைன்னா காலை வச்சுக்கலாம். ஆனா ரத்தம் போன இடம் வரைக்கும் சதையை எடுத்தாகணும். உருவாம இருந்திருந்தா இன்னும் கொஞ்சம் சதை மிஞ்சியிருக்கும். அதையும் நான் சொல்லித்தான் ஆகணும்.”

வெளியே வந்ததும் வேல்முருகன் அம்மாவைப் பார்க்காமல் பேசினான். “கொஞ்ச நாளைக்கு என் கண்ணு முன்னாடி நிக்காத. ஊருக்குப் போயிடு.”

போக முடியவில்லை. பெண்கள் வார்டில் துணைக்கு ஆம்பிளை தங்கக்கூடாது. பிரியங்காவுக்கு அம்மா வீட்டிலிருந்து யாரும் வரப்போவதில்லை. ஆகவே மகன் வெளியே வேப்பமரத்தடியில், மாமியார் உள்ளே கட்டிலுக்குப் பக்கத்தில் என்று ஆனது. முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேருக்கு நடுவில் தூக்குவாளி மட்டும் போய்வந்தது.

டாக்டர்கள் கூடிப் பேசிக் காலை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். முதலில் தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, கட்டிக்குப் போகிற ரத்தத்தை அடைத்தார்கள். அப்படிச் செய்யாமல் கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது என்றார்கள். அடுத்த நாள் ஆபரேஷன். கொளஞ்சியம்மாள் வராந்தாவில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். யாருக்கோ சுளுக்கு என்று ஊரிலிருந்து போன் வந்தது. “ஆஸ்பத்திரிக்குப் போவச் சொல்லு” என்று வைத்துவிட்டாள். கையை என்ன செய்வது என்று தெரியாமல் புடவைத் தலைப்பில் சுற்றி வைத்துக்கொண்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கால் இருக்கிறது. கெண்டைக்கால் சதை பெரும்பகுதி போய்விட்டது. நொண்டித்தான் நடப்பாள், குதிகாலைத் தூக்கி எட்டி நிற்க முடியாது. நெஞ்சைத் தொடர்ந்து படம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டு டாக்டரம்மா வேல்முருகனின் தோளைத் தட்டிக்கொடுத்தார். அவன் அப்படியே குந்தி உட்கார்ந்து அழுதான். பக்கத்தில் அம்மா நின்றாள். அவன் போகச் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பிரியங்கா கொஞ்சம் தெளிவாகப் பேசினாள். கொளஞ்சியம்மாள் இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள். மனசில் கிடந்து அரித்ததைக் கேட்டுவிட்டாள்.

“டாக்டரம்மாகிட்ட ஏன் பொய் சொன்ன? எனக்காக உன் காலை வுட்டுருப்பியே.”

“உங்கள திட்டுவாங்கன்னு பயந்துட்டேன்.”

“திட்டுனா வாங்கிக்கிறேன். நான் பண்ணதுக்குத் திட்டாம கொஞ்சுவாங்களா?”

பிரியங்கா வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். “நீங்க மட்டும் பண்ணலீங்க அத்த. நானும்தான். ஆரம்பத்துலயே வலி உசுரு போச்சு. நீங்க கைய வைக்கும்போதெல்லாம் பல்லைக் கடிச்சிக்கிட்டுதான் உக்காந்திருந்தேன்.”

“தினம் கேட்டேனேடி. நல்லாருக்குதுன்னுதானே சொன்ன?”

“வலிக்குதுன்னு சொன்னா நிறுத்திடுவீங்க. நிறுத்திட்டா அப்புறம் எதுக்கு எங்கிட்ட பேசப்போறீங்க? மறுபடியும் சோறு இருக்குது, தண்ணி வருதுன்னு போயிடுவீங்கன்னு நெனச்சேன்.”

கொளஞ்சியம்மாள் கையில் இருந்த இட்லி தட்டிலேயே விழுந்தது. ஒரு வாய் பேச்சுக்காக ஒரு பெண் தன் வீட்டில் இத்தனை நாள் பட்டினி கிடந்திருக்கிறாள், தானோ வேளாவேளைக்குச் சோறு போடுவதாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபோது அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்துக் கட்டில்காரி எட்டிப் பார்த்தாள். பார்த்தால் பார்க்கட்டும் என்று அழுதாள். பிறகு மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு, தட்டில் விழுந்த துண்டை எடுத்து மருமகள் வாயில் வைத்தாள்.

“இனிமே வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு கண்ணு. பேச்சை நிறுத்த மாட்டேன்.”

பிரியங்கா அவள் முகத்தைப் பார்த்தாள். நிஜமா என்று பார்க்கிற பார்வை.

“இப்ப வலிக்குதுங்க அத்த” என்றாள்.

கொளஞ்சியம்மாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, நர்ஸைக் கூப்பிட எழுந்து போனாள்.